முனகியது வண்டி, மாட்டிக்கொண்டது அக்கா

பிக்கப் அக்காவுக்கு வந்த கோபம் நியாயமா இல்லையா என்று முழுக்கதையையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பதினாறு வருடமாக ஒரே மருத்துவமனைக்குப் பிக்கப் வண்டி ஓட்டியவள் அவள். தடுப்பூசிப் பெட்டியையும் நர்ஸம்மாவையும் ஏற்றிக்கொண்டு, தார் ரோடு முடிகிற பாலத்திலிருந்து மலைக்கு மேலே பதினோரு கிலோமீட்டர் மண்பாதையில் ஏறி இறங்குவது வேலை. வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். ஓய்வுபெறப் போகிற வாட்ச்மேன் ஒருநாள், "அக்கா, கேட்டைத் திறக்கட்டுமா?" என்று கேட்டதற்கு, "தாராளமா திறங்க தம்பி" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் வண்டி ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. அப்படிப்பட்டவள் கையில் ஒரு கடிதத்தைத் திணித்தார்கள். தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தை முறையின்றிப் பயன்படுத்தி வாகனத்தைச் சேதப்படுத்தினாளாம். திங்கட்கிழமை முதல் வண்டியைத் தொடக் கூடாதாம், ஸ்டோர் ரூமில் பெட்டி அடுக்க வேண்டுமாம். ஏதாவது சொல்ல இருந்தால் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைக்கு வரலாமாம். கீழே கையெழுத்து, அதன்மேல் சீல். வயிறு எரியாதா?

எல்லாம் ஒரு சத்தத்தில் தொடங்கியது. வருடாந்திர சர்வீஸ் முடிந்து வண்டி திரும்பி வந்த மறுநாள், பாலத்தைத் தாண்டியதும் வழக்கம்போலப் போர்வீல் போட்டாள். அதாவது, லீவரைத் தள்ளி முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டினாள். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் காலடியில் முனகல் கேட்டது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி கனத்தது. பாறைத் திருப்பத்தில் 'டம்' என்று ஓர் அடி. திரும்பி வரும்போது, பாலத்துக்கு முன்னால் லீவரை எடுக்கப் பார்த்தால் அசைய மாட்டேன் என்றது. ரிவர்ஸில் நாலடி போன பிறகுதான் விட்டது.

வேறொருவர் என்றால் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு போயிருப்பார். அக்கா வண்டியில் ரேடியோவே கிடையாது. சத்தம் கேட்க இடைஞ்சல் என்று கழற்றி எறிந்துவிட்டாள். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "பிரிட்ஜ் இன்னிக்கு வேற மாதிரி கத்துது" என்று கையோடு எழுந்து போவாள். தையல் கடை வைத்திருக்கும் கணவர், "ஊர்ல இருக்கிற எல்லாச் சத்தமும் கேக்குது, நான் பேசுறதுதான் கேக்கல" என்று சட்டை தைக்க வருபவர்களிடமெல்லாம் புலம்புவார்.

அன்றைக்கே மருத்துவமனையின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அங்கிருக்கும் ஃபோர்மேன் காம்பவுண்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினார்.

"ஒரு சத்தமும் இல்லியேம்மா."

"இங்க வராது சார். போர்வீல் போட்டு மேட்டுல ஏறணும். நீங்க ஒருதடவை மலைக்கு வாங்களேன்."

"மலைக்கா? எனக்கு வேற வேலை இல்லையா?"

வண்டியை லிஃப்டில் ஏற்றித் தூக்கி, சக்கரங்களை வெறும் காற்றில் சுற்றவிட்டுக் கேட்டார். அந்தரத்தில் தொங்குகிற வண்டி எதற்கு முனகப்போகிறது? 'கோளாறு ஏதுமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இப்படி ஒருதடவை அல்ல, மூன்றுதடவை! நாலாவது தடவை சத்தம் வாசலிலேயே கேட்டது. அப்போதுதான் முன்னும் பின்னும் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே செயின் தளர்ந்து, பற்கள் தேய்ந்து கிடந்தன.

"தார் ரோட்டுல போர்வீல் போட்டு ஓட்டினாத்தான் இப்படி ஆகும்" என்றார் ஃபோர்மேன். முடிந்தது. நாலுமாதமாக நாயாய்க் கத்தியவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன், கடைசியில் பழியைத் தூக்கி அவள் தலையிலேயே போட்டார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. சக்கரம் வழுக்க இடம்கொடுக்காத தார் ரோட்டில் பூட்டி ஓட்டினாலும் இதே முனகலும் இதே தேய்மானமும் வரும். ஆனால் அவள் ஓட்டவில்லையே! அதை எப்படி நிரூபிப்பது? கடிதம் வந்த அன்று முழுவதும் அதையே போட்டுக் குழப்பிக்கொண்டாள். சத்தம் எப்போது வந்தது? சர்வீஸுக்குப் பிறகு. சர்வீஸில் என்ன செய்தார்கள்? ஆயில் மாற்றினார்கள், முன்னால் இரண்டு புது டயர் போட்டார்கள்.

டயர்! அவளுக்குச் சுரீரென்றது.

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியானாலும் இந்த வருடம் முன்னால் இரண்டு புது டயர், அடுத்த வருடம் பின்னால் இரண்டு. ஆம்புலன்ஸுக்கும் டாக்டர் காருக்கும் அது போதும். அவர்களிடம் இருந்த ஒரே போர்வீல் வண்டிக்கும் கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்திருந்தார்கள்.

வியாழக்கிழமை மதியம் கணவரை டேப்போடு இழுத்துவந்தாள். மருத்துவமனை முற்றத்தில் நின்ற வண்டியை ஜாக்கியில் தூக்கி, அவர் டயரைச் சுற்றி டேப்பைப் பிடித்தார். அறுபது அங்குலத்தோடு டேப் தீர்ந்தது.

"இந்த இடுப்புக்கு என் டேப் பத்தாதும்மா."

"கிண்டல் பண்ற நேரமா இது? அடையாளம் வச்சு அளங்க!"

அளந்தார். முன்டயரைவிட வழுக்கைப் பின்டயர் சுற்றளவில் இரண்டரை அங்குலம் சிறிது.

வெள்ளிக்கிழமை மேலாளர் அறையில் விசாரணை. மேசைக்குப் பின்னால் மேலாளர், பக்கத்தில் ஃபோர்மேன், சுவரோரம் சாட்சியாக நர்ஸம்மா. ஆறு வருடமாக அக்கா பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த சோற்றில் பாதியைச் சாப்பிட்டவள்.

"சிஸ்டர், பாலம் வந்ததும் இவங்க போர்வீலை எடுத்துடுவாங்களா?" என்று கேட்டார் மேலாளர்.

நர்ஸம்மா தரையைப் பார்த்தாள். "நான் போன்ல இருப்பேன் சார். கவனிச்சதில்ல."

போனாம்! அந்தப் பாலத்தில் என்றைக்கய்யா சிக்னல் கிடைத்தது? லீவர் வரமாட்டேன் என்று அடம்பிடித்த ஒவ்வொரு தடவையும், "பாத்து அக்கா, கையைச் சுளுக்கிக்கப்போறீங்க" என்றவள் யார்? அக்கா மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், ஒரு பத்து நிமிஷம் கீழ வாங்க."

முற்றத்தில் வண்டி நியூட்ரலில், போர்வீல் பூட்டாமல் நின்றது. முன்டயர், பின்டயர் இரண்டிலும் தரையைத் தொடுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். இரண்டு கிளார்க்குகளும் வாட்ச்மேனும் தள்ள, முன்சக்கரத்தின் சுற்றை மேலாளரையே எண்ணவைத்தாள். பத்தாவது சுற்றில் முன்டயர்க் கோடு சரியாகத் தரையைத் தொட்டது. பின்டயர்க் கோடு தரையைத் தாண்டிக் கால் சுற்று மேலே ஏறி நின்றது.

"பாருங்க சார். போர்வீலைப் பூட்டினா ரெண்டும் ஒரே மாதிரிதான் சுத்தணும். முன்னாடி பத்து சுத்துறப்ப, பின்னாடி பத்தேகால் சுத்தப் பாக்குது. வழியெல்லாம் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டே போனா முனகாம என்ன செய்யும்? செயின் தேயாம என்ன செய்யும்? டயர் போட்டது நானா?"

"சின்ன விஷயம்தான் சார், பின்னாடியும் ரெண்டு மாத்திட்டா சரியாயிடும்" என்று இழுத்தார் ஃபோர்மேன்.

"சின்ன விஷயமா? அதுக்கா என்னைப் பெட்டி அடுக்கச் சொன்னீங்க?"

"சரிம்மா, அந்தக் கடிதத்தை மறந்துடுங்க" என்றார் மேலாளர். "திங்கக்கிழமை நீங்களே வண்டி எடுங்க."

"மறக்க முடியாது சார். தப்புன்னு சொன்னப்ப எழுதி, சீல் வச்சுக் குடுத்தீங்க. தப்பில்லன்னு சொல்ல மட்டும் வாய் போதுமா? எழுதிக் குடுங்க. குடுத்தாத்தான் சாவியைத் தொடுவேன்."

மேலாளர் முறைத்துப் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில் எழுதினார், கையெழுத்தும் போட்டார். "சீல்?" என்று கேட்டு அதையும் வாங்கிக்கொண்டாள்.

நாலு டயரும் ஒரே அளவில் மாறி, பெட்டிக்குப் புதுச் செயினும் போட்டு வண்டி வந்தது. திங்கட்கிழமை காலை நர்ஸம்மா தடுப்பூசிப் பெட்டியோடு ஏறி உட்கார்ந்தாள். பாலம் தாண்டியதும் அக்கா போர்வீல் போட்டாள். மேட்டில் ஏறும்போது வண்டி சத்தமில்லாமல் போனது. அந்த அமைதி தாங்காமல் நர்ஸம்மா மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, அன்னிக்கு உண்மையைச் சொல்லணும்னுதான் நினைச்சேன்..."

அக்கா பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க நினைச்சது எனக்குக் கேக்கல சிஸ்டர்" என்றாள்.