ரயிலடிப் பாதைக்கு ஒரு சாட்சி

அரியூர் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, முதுகுக்குப் பின்னால் வில்லியனூர். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நிற்கும்... நின்றால் பிலோமினாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

போன வாரம் நடந்தது இது.

பிலோமினா என் பழைய கூட்டாளி சவரியின் மனைவி. சவரி செத்துப்போய் ஆறு வருஷம். இவள் பாண்டியில் ஓர் ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறாள். காலை பாசஞ்சரைப் பிடித்தால்தான் வேலை. வீட்டுக்குப் பின்னால் வயலோரமாக ஒரு பாதை — பத்து நிமிஷத்தில் ஸ்டேஷன். அந்த வயல் இப்போது மனையாகிவிட்டது. சுற்றிலும் சுவர் வரப்போகிறது. இனி மெயின் ரோட்டைச் சுற்றி, ரயில்வே கேட்டைக் கடந்து போக வேண்டும். தேய்ந்த முட்டியோடு முக்கால் மணி நேரம். ரயில் நிற்குமா?

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் மனு கொடுத்தாள். "பாதை இருந்ததற்குச் சாட்சி உண்டா? இருந்தால் வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூட்டி வாங்க" என்றார்களாம்.

சாட்சி நான்தான். மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அகலப்பாதை போட்டபோது, சவரியும் நானும் அங்கே கூலி. கழித்துப் போட்ட ஜல்லியை, காண்ட்ராக்டரைக் கேட்டுக்கொண்டு, கூடை கூடையாகச் சுமந்து அந்தச் சேற்றில் கொட்டினோம். அப்புறம் மழைக்காலத்திலும் பெண்கள் செருப்போடு நடந்தார்கள். "ரயிலுக்கு ஒரு லைனு, வூட்டுப் பொம்பளைங்களுக்கு ஒரு லைனு" என்பான் சவரி.

புதன்கிழமை அவள் வீட்டில் இருந்தேன்.

"நாளைக்கு வந்து ரெண்டு வார்த்தை சொல்லுண்ணா. போதும்."

"அட்ரஸ் கேப்பாங்களே பிலோமினா."

"கேட்டா சொல்றது."

"எதைச் சொல்ல? ஆதார்ல இருக்கிற வூடு இடிஞ்சே போச்சி."

"டீக்கடைல ஒக்காந்தா ஒன் வாயி டெல்லி வரைக்கும் போவுது. ஆபீஸுன்னா மட்டும் இன்னா பயம்? உள்ள புலியா கட்டி வெச்சிருக்கான்?"

"சரி, வரேன்" என்றேன். அவள் போட்ட சோற்றையும் தின்றேன். அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பையை எடுத்தேன்.

நான் எட்டாவது தாண்டாதவன். பட்டினி கிடப்பேன், பிளாட்பாரத்தில் படுப்பேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனாவைத் திறந்தால் மட்டும்... நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நடக்கும்போது அந்தப் பாதையைப் பற்றியே யோசனை. வில்லியனூர், கோயிலைச் சுற்றி வளர்ந்த பழைய ஊர். ரயிலடிப் பக்கத்தின் கதை வேறு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் விழுப்புரத்திலிருந்து தண்டவாளம் வந்தது. நெல் மூட்டை ஏறியது. மூட்டை தூக்கியவன் பக்கத்திலேயே குடிசை போட்டான். குடிசையை நம்பி டீக்கடை. டீக்கடையை ஒட்டி சைக்கிள் ஸ்டாண்டு. அப்புறம் வாடகை வீடு, அதற்கப்புறம் மனை. 'ஸ்டேஷனுக்கு மிக அருகில்' என்று போர்டு வைத்து விற்கிறார்கள். அருகில் ஆக்கியது யார்? நடந்து நடந்து தடம் போட்டவர்கள்தானே? அவர்களுக்குத்தான் ஸ்டேஷன் தூரமாகிவிட்டது.

அந்தப் போர்டுகளில் எல்லாப் பெயரும் 'நகர்' என்றுதான் முடிகிறது. என்னைப் போல் அரைகுறையாகப் படித்தவனுக்கு அது ஊர்ப்பெயராகத் தெரிவதில்லை. யாரோ 'தள்ளிப் போ' என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. நானும் நகர்ந்துகொண்டுதான் இருந்தேன்.

திருபுவனை பஸ் ஸ்டாப்பில் படுத்தேன். காலையில் கம்பெனி ஆட்கள் பஸ்ஸிலும் பைக்கிலும் வந்து இறங்க, நான் கூலியாட்கள் நிற்கும் டீக்கடைப் பக்கம் போய் நின்றேன். ஒரு மினி லாரி வந்தது.

"கடக்கால் தோண்டணும். கடப்பாரை புடிப்பியா பெரிசு?" — மேஸ்திரி.

"எங்க?"

"வில்லியனூரு. ஸ்டேஷனுக்குப் பின்னாடி. காம்பவுண்டு சுவரு."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வயிற்றில் டீ மட்டும் இருந்தது — காரணம் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். ஏறி உட்கார்ந்தேன்.

பத்து மணி இருக்கும். கயிறு கட்டிய இடத்தில் கடப்பாரையை இறக்கினேன். ணங் என்றது. கொஞ்சம் தள்ளி இன்னொரு குத்து... ணங். மண்ணுக்குள் கருங்கல் ஜல்லி, கெட்டித்துப் போய்க் கிடந்தது. மேஸ்திரி ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தார்.

"வயக்காட்டுல ஏதுய்யா இவ்ளோ ஜல்லி? எவன் கொட்டினான்?"

அந்நேரம் ஆபீஸ் வாசலில் பிலோமினா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். மேஸ்திரி கேட்டது, அங்கே என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"தெரியாதுங்க" என்றேன்.

அதைச் சொல்ல அட்ரஸ் தேவைப்படவில்லை.