ரீத்தாவுக்கு ஒரு மைல் டிக்கெட்

விமான டிக்கெட் போடுகிறவள் நாடு நாடாகச் சுற்றியிருப்பாள் என்று நினைக்கிறவர்கள், மீன் விற்கிறவள் வீட்டில் தினமும் சீலாமீன் குழம்பு என்றும் நினைத்துக்கொள்வார்கள். தூத்துக்குடியில் ஒரு சின்ன டிராவல்ஸ் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் இலக்கியம் படித்தேன். சென்னைக்கு இரண்டு கல்யாணங்களுக்குப் போனேன். என் பயணங்கள் அத்தோடு முடிந்தன. மற்றவர்களின் பயணங்கள் மட்டும் முடிவதாக இல்லை.

இப்போது மைல்களின் காலம். விமானத்தில் பறக்கப் பறக்க, கடன் அட்டையைத் தேய்க்கத் தேய்க்க, கணக்கில் புள்ளிகள் சேரும். போதுமான அளவு சேர்ந்தால் வரியை மட்டும் கட்டிவிட்டுக் கடல் தாண்டலாம். அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த வருடமாவது போய்விடலாம் என்று ஒவ்வொரு வருடமும் நம்பி ஏமாறுகிற என் சக துன்பவாசிகளே, இது உங்களுக்காக. போன கார்த்திகை மழையில் தொடங்கிய ஒரே ஒரு டிக்கெட்டின் கதை, நடுவில் வந்து போனவர்களோடு சேர்த்து.

சமையல்காரர் சேர்த்தது

ரீத்தா நனைந்த குடையை வாசலிலேயே சாத்திவிட்டு உள்ளே வந்தாள். அவள் கணவர் அந்தோணி, நிலக்கரி ஏற்றும் கப்பல்களில் இருபத்திரண்டு வருடமாகத் தலைமைச் சமையல்காரர். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்கே கம்பெனி அவரை விமானத்தில் அனுப்பும். ஒப்பந்தம் எங்கே முடிகிறதோ அங்கிருந்து விமானத்தில் திருப்பி அனுப்பும். டர்பன், ராட்டர்டாம், சான்டோஸ். முதல் பயணத்தின்போதே நான் அவர் பெயரில் மைல் கணக்கு ஒன்று தொடங்கி, எண்ணை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்து, "ஒவ்வொரு கவுண்டரிலும் இதைச் சொல்லுங்கள்" என்றேன். நான் எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அதைத் தொலைத்தார்கள். அந்தோணி பாஸ்போர்ட் உறைக்குள் ஒட்டிவைத்துக்கொண்டார்.

மகள் பிளெஸ்ஸி டொரொண்டோவில் நர்ஸ். முதல் குழந்தை ஏழாவது மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அன்று மருமகன் வேலையில் இருந்தான். பிளெஸ்ஸி தனியாக ஆம்புலன்சில் போனாள். ரீத்தா இங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். இப்போது மறுபடியும் வயிற்றில் இருக்கிறது. ஜனவரி கடைசியில் பிரசவம். விசா வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் சமயத்து டிக்கெட் விலை மட்டும் எட்டாத உயரத்தில் இருந்தது. குழந்தை பிறப்பதற்கு முன் அம்மா அங்கே இருக்க வேண்டும்; அவ்வளவுதான் கோரிக்கை. அந்தோணியின் கணக்கைத் திறந்து பார்த்தேன். போகிற வழிக்கு மைல் போதும், திரும்பி வரப் போதாது என்றேன். இந்த மைல் எப்படிச் சேர்ந்தது என்று அவள் கேட்டதால், அவர் போன ஊர்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினேன்.

"அப்பம் இதெல்லாம் அவிய என்னய விட்டுட்டுப் போன தூரந்தானக்கா? எனக்குச் சேர வேண்டியதுதான். எடுங்க."

முதல் பந்தி

எடுப்பது அவ்வளவு சுலபமில்லை என்று உங்களுக்குத் தெரியும். முந்நூறு பேர் போகிற விமானத்தில் மைல்காரர்களுக்கு இரண்டு இருக்கை ஒதுக்குவார்கள். அதையும் எப்போது திறப்பார்கள், எப்போது மூடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. என்னோடு வேலை பார்க்கும் செல்வியும் நானும் காலையில் ஒரு முறை, சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு முறை டொரொண்டோவைத் தேடினோம். மழை பெய்துகொண்டே இருந்தது. துறைமுகச் சாலையில் லாரிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் ஓசைக்கு நடுவே, திரையில் அதே வரி: இருக்கை இல்லை.

ரீத்தா தினமும் வந்தாள். கேட்கமாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள், பெஞ்சில் சற்று உட்காருவாள், போய்விடுவாள். ஒருநாள் அவள் போனபின் செல்வி அதே விமானத்தைப் பணம் கொடுத்து வாங்குகிற பக்கத்தில் திறந்து பார்த்தாள். நூற்றுக்கும் மேல் இருக்கைகள் கிடந்தன. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாத்தீயளா மேடம்? எல இருக்கு, சோறு இருக்கு, ஆளுந்தான் இல்ல. ஆனாலும் நம்மள மொதப் பந்தியில உக்கார விடமாட்டாம்."

மேற்கே சூலம்

அதே வாரத்தில் பருப்பு மொத்த வியாபாரி ஒரு அண்ணாச்சி வந்தார். கடைக்கு வாங்குவதையெல்லாம் கடன் அட்டையில் வாங்கி வாங்கி, மலையாகப் புள்ளி சேர்த்து வைத்திருந்தார். மகன் லண்டனில் பட்டம் வாங்கப் போகிறான். அண்ணாச்சியும் மனைவியும் போக வேண்டும். அதிசயமாக இரண்டு இருக்கை கிடைத்தது. ஆனால் வெள்ளிக்கிழமை. அண்ணாச்சி எழுந்தே விட்டார். "வெள்ளிக்கெழம மேக்கே சூலம்லா? லண்டன் எங்கன இருக்கு? மேக்கதான? எவனாவது போவானா?" முதல் விமானம் சென்னைக்கு, அது வடக்கு என்று சொல்லிப் பார்த்தேன். போய்ச் சேருகிற திசைதான் கணக்கு என்றுவிட்டார். அவர் யோசித்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நிமிடமும் அந்த இரண்டு இருக்கைகளை வேறு யாராவது தூக்கிக்கொண்டு போகலாம்.

செல்விதான் வழி சொன்னாள். புறப்படும் நாள் சரியில்லை என்றால், முன்னதாகவே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பெட்டியை அந்தத் திசையில் உள்ள வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைப்பது வழக்கம். பரஸ்தானம் என்பார்கள்; பெட்டி கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியது போல. எங்கள் அலுவலகம் அவர் கடைக்கு மேற்கே மூன்று தெரு தள்ளி இருந்தது. டிக்கெட் போட்டோம். பயணத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில், பட்டுத்துணி சுற்றிய பெட்டி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது. மறுநாள் வந்து அதை எடுத்துக்கொண்டபோது அண்ணாச்சிக்கு முகமெல்லாம் நிம்மதி.

"பெட்டி நேத்தே லண்டனுக்குப் பொறப்பட்டுட்டும்மா. நான் இன்னைக்கு அதத் தேடித்தான் போறேன்."

காக்காவின் சந்தேகம்

காயல்பட்டினத்துக் காக்கா ஒருவர் (அண்ணனை அந்த ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள்), ஜித்தாவில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர், மாதம் ஒருமுறை தன் மைல் கணக்கைப் பார்க்க வருவார். எங்கும் போகமாட்டார். அன்று ஒரு சந்தேகத்தோடு வந்தார். வருடம் முழுக்கக் கையில் நின்ற சொத்துக்கு ஜக்காத் என்னும் தர்மம் கொடுக்க வேண்டும். இந்த மைலுக்கும் கொடுக்க வேண்டுமா? பள்ளிவாசல் ஆலிமைக் கேட்டீர்களா என்றேன். "கேட்டேன். மைலுன்னா என்னான்னு அவங்க என்ட்ட கேட்டாங்க" என்றார்.

பெஞ்சில் ரீத்தா இருந்தாள். அவள் கதையை நான் தணிந்த குரலில் சொன்னேன். காக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் மைல் அவ்வளவையும் அந்தப் பெண்ணுக்கு மாற்றிவிடச் சொன்னார்; அவள் போகவும் ஆகட்டும், வரவும் ஆகட்டும், தன் சந்தேகமும் தீரட்டும் என்றார். அவர் மைல் வேறு கம்பெனியின் மைல், இதில் சேராது என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. இந்தத் தொழிலில் நான் சொன்ன பதில்களில் எனக்கே பிடிக்காத பதில் அது. ரீத்தா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். அவர் வாசல் வரை போய்த் திரும்பி நின்றார்.

"வானம் ஒண்ணுதானேம்மா. அதுலயும் போயி வேலி அடைச்சு வச்சிருக்காங்களே!"

இலங்கைக்குத் தெற்கே

டிசம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, டொரொண்டோவுக்கு ஒரே ஒரு இருக்கை திறந்தது. ஜனவரி பத்தாம் தேதி. செல்வி போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். விவரங்களை நிரப்பி முடித்ததும் திரை ஒரு கேள்வி கேட்டது. கணக்கு வைத்திருப்பவர் வேறொருவருக்கு டிக்கெட் எடுத்தால், அவருடைய செல்போனுக்கு ரகசிய எண் ஒன்று வரும்; ஐந்து நிமிடத்துக்குள் அதை இங்கே அடிக்க வேண்டும். அந்தோணியின் செல்போன் நடுக்கடலில் இருந்தது. கப்பலில் வைஃபை உண்டு, வாட்ஸ்அப் பேசலாம். ஆனால் இந்த எண் வாட்ஸ்அப்பில் வராது. சிம்முக்குக் கரையிலிருந்து சிக்னல் வர வேண்டும். கப்பல்காரர் குடும்பங்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது: கிழக்கேயிருந்து வருகிற கப்பல் இலங்கையின் தென்முனையை ஒட்டித் திரும்பும்போது கொஞ்ச நேரம் சிக்னல் கிடைக்கும். எப்போது அங்கே வருவீர்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு அந்தோணியிடமிருந்து பதில் வந்தது. வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி.

இரண்டு நாள் அந்த ஒற்றை இருக்கையைக் கண்ணால் காவல் காத்தோம். வியாழக்கிழமை பத்து மணிக்கே ரீத்தா வந்துவிட்டாள், கையில் ஜெபமாலை. பதினொன்றரைக்கு அந்தோணி எழுதினார்: மேலே சிக்னல் கோடு தெரிகிறது, திரும்பி ஏறுகிறேன், அனுப்புங்கள். அனுப்பினோம். எண் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் சிக்னல் மேல்தளத்தின் விளிம்பில்தான், வைஃபை நான்கு தளம் கீழே சாப்பாட்டு அறையில்தான்; வெளிநாட்டில் அவர் சிம்முக்குச் செய்தி வரும், அதிலிருந்து போகாது. அறுபதை நெருங்கும் மனிதர் இரும்புப் படிகளில் ஓடி இறங்கி எங்களுக்கு அனுப்புவதற்குள் ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது. மூன்று முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். இரண்டாவது முறை பொத்தானை அழுத்த என் விரல் வரவில்லை, செல்விதான் அழுத்தினாள்.

இம்முறை அவர் ஓடவில்லை. மேல்தளத்தில் நின்றபடி வாக்கி-டாக்கியில் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல, கீழே சாப்பாட்டு அறையில் பரிமாறும் பிலிப்பைன்ஸ்காரர் அந்தோணியின் இன்னொரு போனில் அடித்து எங்களுக்கு அனுப்பினார். முகம் தெரியாத ஒருவருடைய விரல்களிலிருந்து ஆறு இலக்கங்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. திரை சுற்றியது, சுற்றியது, பச்சையானது. ரீத்தா அழவில்லை. ஜெபமாலையை நிதானமாகப் பர்சுக்குள் வைத்தாள். கால் மணி நேரம் கழித்து மூச்சு வாங்க அந்தோணியின் குரல் வந்தது.

"ஏளா ரீத்தா, டிக்கெட் ஆச்சா? இங்கன அடுப்புல சோறு கொழஞ்சி போச்சி. கேப்டன்லேர்ந்து எல்லாவனும் இன்னைக்குக் கஞ்சிதான் குடிக்கணும்."

பிரேசில்

பத்தாம் தேதி அவள் போனாள். இரண்டு இடத்தில் மாற வேண்டும். எந்த வாசல், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நான் கண்டிராத விமான நிலையங்கள்தான், ஆனாலும் எனக்கு வழி தெரியும். அவள் போய்ச் சேர்ந்து பதினோராம் நாள், குறித்த தேதிக்கு முன்பாகவே பிளெஸ்ஸிக்கு வலி கண்டது. ரீத்தா கூடவே இருந்தாள். ஆண் குழந்தை. பிறந்ததும் அழுதது என்று போனில் சொல்லும்போது, அழுதது என்ற அந்த ஒரு சொல்லை அவள் மூன்று முறை சொன்னாள்.

போன வாரம் வீடியோவில் வந்தாள். சன்னலுக்கு வெளியே வெள்ளையாகக் கிடந்தது. கம்பளிச் சட்டை அவளுக்குச் சற்றும் பொருந்தவில்லை. தோளில் பேரன் தூங்கினான். திரும்பி வருகிற டிக்கெட்டைப் பற்றிப் பேசினோம். இன்னும் நான்கு மாதம் அங்கே இருக்கலாம். அதற்குள் அந்தோணியின் ஒப்பந்தம் முடியும். கப்பல் எங்கே ஆள் மாற்றும் என்று கம்பெனிக்கே இன்னும் தெரியவில்லை. பிரேசிலாகவும் இருக்கலாம், சிங்கப்பூராகவும் இருக்கலாம். பிரேசிலில் இறங்கினால், வீட்டுக்குப் பறந்து வருகிற தூரத்தில் அவள் டிக்கெட்டுக்குக் குறைகிற மைல் சேர்ந்துவிடும். சிங்கப்பூரில் இறங்கினால் சேராது. அவர் வந்து பூட்டிய வீட்டைத் திறக்க வேண்டியதுதான். நான் சொல்லி முடித்ததும் அவள் பேரனின் தலையை முகர்ந்துவிட்டுச் சிரித்தாள்.

"இருபத்திரெண்டு வருசமா, எம் புருசன பக்கத்து ஊர்ல எறக்கி விடு தாயேன்னுதான் மாதாட்ட மெழுகுதிரி கொளுத்துனேன். இப்பம் இங்கன ஒரு கோயில் கண்டுபிடிச்சி, பிரேசில்ல எறக்கி விடுன்னு கொளுத்துதேன். மாதாவுக்கே மண்ட கொழம்பியிருக்கும்லாக்கா?"

மைல் டிக்கெட்டுக்கு எங்களுக்குக் கமிஷன் கிடையாது என்பதையும் மறந்துவிட்டு, தினமும் காலையில் செல்வியும் நானும் இப்போது ஒரு நிலக்கரிக் கப்பல் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.