டீச்சரின் பாய்லரும் சைக்கிள் பம்பும்

லேத் பட்டறை வைத்திருப்பவன் புதிதாக எதையும் செய்வதில்லை. ஒன்றோடொன்று சேராத இரண்டைச் சேர்த்துக் கொடுத்தே காலத்தை ஓட்டுகிறான். எஹலியகொடையில் நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நட்டு ஒரு கடையில் வாங்கி, போல்ட்டு வேறு கடையில் வாங்கி, இரண்டையும் நம் தலையில் கட்டிவிட்டு "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று சொல்லும் ஆட்களிடம் மாட்டியவர்கள் இதை வாசித்தால், என் முதுகுவலி அவர்களுக்கும் புரியும்.

டவலுக்குள் என்ன?

ஒரு திங்கட்கிழமை, கடை திறந்த கையோடு தோட்டப் பாடசாலை விஞ்ஞான டீச்சர் வந்து நின்றார். ஒரு கையில் சைக்கிள் பம்பு, மறு கையில் டவலில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தால், செம்புக் குழாயில் செய்த ஒரு சின்ன நீராவி பாய்லர். இரண்டு பக்கமும் மூடி, மேலே திருகாணி முறுக்குவது போல மரை வெட்டிய ஒரு துளை. வெள்ளிக்கிழமை கண்காட்சி. அதற்குள் பாய்லருக்கு அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பம்பின் வாய் அந்தத் துளையில் உட்காராது. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும்.

இதற்கு ஏன் இந்தப் பாடு, நேரே அடுப்பில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றேன். காலையிலேயே எனக்கு அலுப்பு. டீச்சர் கோபப்படவில்லை. உள்ளே தண்ணீரை விளிம்பு வரை நிரப்பிவிட்டு, கொஞ்சம் காற்றால் அதை அழுத்த வேண்டும், ஒழுகினால் ஒரு சொட்டுத் தண்ணீர்தான் வரும், ஆபத்தில்லை என்று பொறுமையாக விளக்கினார். பிறகு சொன்னார்: "நெருப்பு வைக்கிறப்ப என் புள்ளைங்க எல்லாம் சுத்தி நிப்பாங்க அண்ணே. அது வெடிக்காதுன்னு எனக்கு மொதல்ல தெரியணும்."

டயர் இல்லாமல் வால்வு

பித்தளைத் துண்டில் ஒரு பக்கம் பாய்லருக்கு மரை வெட்டினேன். அந்த மரை அங்குலத்திலும் சேராது, மில்லிமீட்டரிலும் சேராது. பாய்லரை ஒட்டிக்கொடுத்தவர் ஊரில் ஃப்ரிட்ஜ் திருத்தும் மேஸ்திரி, ஃப்ரிட்ஜ் பாஸ் என்போம்; கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார். அளந்து அளந்து கண் பூத்துப்போனது. மறு பக்கத்துக்கு ஒரு டயர் வால்வு வேண்டும். அதைக் கேட்டு எதிரே இருந்த டயர் கடைக்குப் போனேன்.

டயர் கடை முதலாளி சிங்களவர். பழைய டியூப் ஒன்றிலிருந்து வால்வை வெட்டித் தந்தார், ஆனால் விஷயம் தெரியாமல் விடமாட்டார். டவலைப் பிரித்துக் காட்டினேன். பாய்லரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலுக்கா காற்றடிக்கப் போகிறாய் என்று தன் பாஷையில் கேட்டார்: "கேத்தலேட்டத ஹுலங் கஹன்னே?"

வெல்டிங் சிவா

வால்வைப் பித்தளையோடு ஒட்ட, பக்கத்துப் பட்டறை வெல்டிங் சிவாவிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அதுதான் தப்பு என்று சொல்லமாட்டேன், மனுஷன் டீ குடிக்க வேண்டாமா? திரும்பி வரும்போது தெருமுனையிலேயே ரப்பர் கருகும் வாடை. வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றாமலே சூடு பிடித்திருக்கிறான். காற்றைத் தடுக்க வேண்டிய ரப்பர் கரியாகிவிட்டது.

மறுபடி டயர் கடை, மறுபடி கேத்தல் விசாரணை. சிவா மட்டும் கொஞ்சமும் கலங்கவில்லை: "ஒட்டச் சொன்னீங்க, ஒட்டிட்டேன். கழட்டச் சொல்லலியே அண்ணே."

ஒரு சொட்டு

புதன்கிழமை டீச்சர் தன் அப்பாவோடு வந்தார். பெரியசாமி ஐயா, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பாய்லரில் தண்ணீர் நிரப்பி, அடாப்டரை முறுக்கி, பம்பை மெல்ல மெல்ல அழுத்தினேன். அடாப்டர் அசையவில்லை. எனக்கே கொஞ்சம் பெருமை. அதற்குள் பாய்லரின் அடி மூடி ஒட்டிய இடத்தில் வியர்வை போல ஒரு சொட்டு அரும்பி, உருண்டு, விழுந்தது.

டீச்சர் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஃப்ரிட்ஜ் பாஸிடம் கொடுத்து மறுபடி ஒட்ட வேண்டும் என்றேன். மறுநாள் பாடசாலையில் வேலை இருக்கிறது, அப்பாதான் கொண்டுபோக வேண்டும் என்றார். பெரியசாமி ஐயா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஓட்டைய அடைச்சிட்டா போதுமில்ல தம்பி?"

பால்

வியாழன் மாலை இரண்டு பேரும் வந்தார்கள். தண்ணீர், அடாப்டர், பம்பு. ஒரு சொட்டும் இல்லை. டீச்சர் பாய்லரைத் துடைத்து, சுற்றிக் கொண்டுபோக டவலை எடுத்துவிட்டார். நானும் விட்டிருப்பேன், வீட்டுக்குப் போகும் அவசரம். ஆனால் ஒட்டிய இடத்தில் கரி தடவியிருந்தது. ஃப்ரிட்ஜ் பாஸ் ஒருநாளும் கரி தடவ மாட்டார். டீ போடவைத்த வெந்நீரைப் பாய்லரில் ஊற்றி மறுபடி பம்பை அழுத்தினேன். கரிக்கு அடியிலிருந்து ஒரு கொப்புளம் எழும்பியது. எழும்பி, பெருத்து, பிய்ந்து, வெந்நீர் மேசையில் பீச்சியது. கையால் இழுத்தால் நீளமாக வந்தது. காய்ந்த ரப்பர் பால், மேலுக்கு மேல் பூசி, வெளியே தெரியாமலிருக்கக் கரி தடவியது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுப்பில் வைத்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் நீராவி. வயசானவர் என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன். அவர் மேசையில் சிந்திய தண்ணீரைத் தன் தோள் துண்டால் துடைத்தார். துடைத்துவிட்டுச் சொன்னார்: "ஃப்ரிட்ஜ் பாஸ் கடை பூட்டிக் கெடந்துச்சு தம்பி. எங்க லயத்து வீட்டுல கூரை ஒழுகுனா பாலு, வாளி ஒழுகுனா பாலு, செருப்பு பிஞ்சா பாலு. எம் மக அழுதுக்கிட்டே தூங்குனா, அதான் தடவுனேன்."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடாப்டரைக் கழற்றிப் பையில் போட்டார், கிழிந்த ரப்பரையும் மடித்துப் போட்டார். மறுநாள் கண்காட்சியில் அந்தப் பாய்லருக்கு நெருப்பு வைக்கவில்லை. ஆட்கள் சுற்றி நிற்க, ஒழுகும் இடத்தைக் காட்டி, ஏன் பற்றவைக்கவில்லை என்று பிள்ளைகளையே விளக்கவைத்தாராம். பரிசு கிடைக்கவில்லை. பரிசு போச்சே என்று நான் வருத்தப்பட்டபோது டீச்சர் சொன்னார்: "போகட்டும் அண்ணே. எல்லா புள்ளைங்களும் போன மாதிரியே திரும்பி வந்தாங்க. எங்கப்பாதான் இன்னும் வீட்டு அடுப்புப் பக்கமே போக மாட்டேங்குறாரு."

ஒழுகுகிற பாய்லரைக் கண்டுபிடிக்க ஒரு அடாப்டர் கடைந்துவிடலாம், ஆனால் பாசத்தோடு வந்து ஓட்டையை அடைக்கிறவர்களுக்கு என்ன மரை வெட்டுவது என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவே இல்லை.