ஆற்றுக்கு அப்பால் ஒரு போலந்து ஊர்

செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்கு, களவாக எல்லை கடக்கக் காட்டில் காத்திருந்த மகன் தொலைபேசியில், "ஆத்தைக் கடந்து போலந்துக்குள்ளை போனதும் எடுக்கிறன், அப்பா" என்றான். இரண்டு நாளாக அழைப்பில்லை. கரையேறப் போவதாக அவன் சொன்ன சிற்றூரைப் பற்றித் தேடி வாசித்தேன். கிழக்கே ஆறு, பின்னால் காடு, மர வீடுகள்; உலகப் போரில் அங்கிருந்து விரட்டப்பட்டவர்கள் திரும்பவேயில்லை.

குசினியில், மனைவி ஊறப்போட்டு மறந்த உழுந்து புளித்து மணத்தது. அந்த மணத்தில், துலா கிரீச்சிடும் கிணறும் காலில் ஒட்டும் செம்மண்ணும் புகையிலைத் தோட்டத்துக் காற்றுமாக என் சிறுவயது ஊர் வந்தது; ஷெல்லுக்குப் பயந்து ஓடிய அன்றும் அம்மா, "நாளைக்கு வந்து அரைப்பம்" என்று உழுந்தை ஊறப்போட்டுவிட்டே படலையைச் சாத்தினார். இன்று அந்த ஊர் இராணுவத்தின் முட்கம்பிக்குள் பற்றைக்காடு.

மகனோடு பயணம் போனவனின் தகப்பன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, என்ரை பெடியன் கதைச்சவன். கரையேறினது தான் மட்டுந்தானாம்."