முத்து இறங்கிய தொட்டி

வீரசிங்கத்தை லயத்து வரிசை வீடுகளில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ட்ரிப்பு என்பார்கள். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினால் போதும், மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கும் பெண்கள் கேட்பார்கள்.

"ட்ரிப்பு இன்னிக்கு எந்தப் பக்கம்?"

சிரித்துக்கொண்டே போவான். கோபப்பட அவனுக்கு நேரம் இருந்ததில்லை.

நமுனுகுலை மலைக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டம். அங்கேதான் பிறந்தான். படிப்பை விட்டதும் தேயிலை உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளினான். பிறகு பண்டாரவளையில் ஹோட்டல். கொழும்பில் துணிக்கடை. தம்புள்ளையில் மரக்கறி லொறி. மறுபடி கொழும்பு, இரும்புக்கடை. எங்கேயும் சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. எந்த முதலாளியும் போகச் சொல்லவில்லை. ஒரு காலையில் எழுந்தால் கால் நிற்காது, அவ்வளவுதான். பஸ் ஏறிவிடுவான். ஊருக்கு வந்தால் அங்கேயும் அதே கால்.

கலாராணியைக் கட்டிய பிறகும் அது மாறவில்லை. அவள் கொழுந்து எடுக்கிறாள். மலையிலிருந்து இறங்கி வரும்போது கதவு பூட்டியிருந்தால், எங்கே என்று யாரையும் கேட்க மாட்டாள். திறந்து உள்ளே போய் அடுப்பை மூட்டுவாள்.

மீன்தொட்டி தற்செயலாக வந்தது. பண்டாரவளை ஹோட்டலைப் புதுப்பித்தபோது பழைய கண்ணாடித் தொட்டியை எறியப் போனார்கள். பழைய ஆட்களைப் பார்க்கப் போன வீரசிங்கம் அதைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். கொண்டக்டர், "அண்ணே, உள்ள ஒக்காந்திருக்கிறது யாரு, அவருக்கும் டிக்கெட்டா?" என்றான். பதுளையில் ஆறு ஏஞ்சல் மீன் குஞ்சுகள் வாங்கினான். சட்டைப் பொத்தான் அளவு. அவை வளர்ந்து உள்ளங்கையை நிறைக்கும் வரை அவன் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போனான். வேலை முடிந்ததும் நேராக வந்து தொட்டியின் முன்னால் குந்தினான்.

"தண்ணிக்குள்ள என்னத்தத்தான் பாக்குறீங்க?" என்று கலாராணி ஆரம்பத்தில் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. கண்ணாடியைத் தானே துடைத்தாள். அவன் இல்லாத நேரத்தில் தீனி போட்டாள். மீன் இருக்கும்வரை மனுஷன் இருப்பான் என்று நினைத்திருந்தாள். அதை வாய்விட்டுச் சொன்னால் ஓடிவிடுவான் என்ற பயமும் இருந்தது.

வெளியே போக முடியாத கால், தொட்டிக்குள் போகத் தொடங்கியது. பசறைக்குப் போனால் ஒரு புதிய மீன். பதுளைக்குப் போனால் ஒரு பாசிச் செடி. ஒரு ஞாயிறு பசறைச் சந்தையில் வாளியில் வைத்து விற்றவனிடம் ஒரு கறுப்பு மோலி மீன் வாங்கினான். வந்ததும் பையை அவிழ்த்து அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தான்.

சில நாட்களில் ஏஞ்சல்கள் கல்லில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தன. செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றன. பிறகு வெள்ளைப் புள்ளிகள். ரவையைத் தூவியது போல, வாலில், செட்டையில், கண்ணுக்கு மேல்.

அவன் செய்த முதல் காரியம் தண்ணீரை மாற்றியது. தோட்டத்தில் எதற்கும் பீலித் தண்ணீர்தான். காயத்தைக் கழுவ, காய்ச்சல்காரனின் நெற்றியில் துணி போட, செத்த வீட்டுக்குப் போய்வந்தால் தலையில் ஊற்ற. மலையிலிருந்து நேராக விழும் தண்ணீர். அதில் குறை இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. மறுநாள் புள்ளிகள் இரண்டு மடங்காயின.

கலாராணி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்ததும் தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டாள்.

"இது ஆத்தா."

"மீனுக்கு ஏது புள்ள ஆத்தா?"

"பாருங்களேன். முத்து முத்தா போட்டிருக்கு. எனக்கு சின்ன வயசுல இப்பிடித்தான் வந்திச்சு. மருந்து கிருந்துன்னு ஊத்திப்புடாதீங்க. அவளா வந்தா, அவளா எறங்குவா."

அன்றிலிருந்து அவர்களின் ஒற்றை அறைக் காம்பராவில் தாளிப்பு நின்றது. பக்கத்துக் காம்பராக்காரி உப்புக் கேட்டு வந்தபோது கலாராணி அவளை வாசலிலேயே நிறுத்தினாள். குளிர்ப் பிரதேசத்தில் வேம்பு கிடையாது. பசறைக் கோயிலுக்குப் போன ஒருத்தியிடம் சொல்லி ஒரு கொத்து வரவழைத்து, தொட்டிக்கு மேலே ஆணியில் கட்டினாள்.

வீரசிங்கத்தால் சும்மா இருக்க முடியவில்லை. ஆத்தா தானாக இறங்கட்டும் என்று காத்திருப்பது அவனுக்குத் தெரியாத வேலை. பதுளைக்கு பஸ் ஏறினான்.

அங்கே முன்ஸிப்பின் வளர்ப்புமீன் கடை. ஐம்பது வயதிருக்கும்; அண்ணன் முறையில் எல்லாரும் நானா என்பார்கள். கையில் எப்போதும் ஒரு வலை.

"வெள்ளப் பொட்டா? தண்ணிய மாத்தினீங்களா?"

"ஆமா நானா, முழுசா மாத்திட்டேன். எங்க பீலித் தண்ணி, சுத்தமான தண்ணி."

"சுத்தம்தான். ஐஸ் மாதிரியும் இருக்குமே. குளிர்ல நடுங்குற நோயாளிய தூக்கி ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சிருக்கீங்க."

கடையில் சும்மா கிடந்த ஒரு ஹீட்டரை எடுத்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் கொண்டுவந்தால் போதும் என்றார். ஒரு நீல மருந்துக் குப்பி. கொஞ்சம் கல்லுப்பு. சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், காற்றுக் குமிழி நிற்கக் கூடாது, மருந்து இருக்கும்போது வடிகட்டியில் கரி இருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். வெளியே பசறை பஸ்ஸை உறுமவிட்டார்கள். வீரசிங்கம் படியிறங்கிவிட்டான்.

"தம்பி, இன்னும் முடியல்ல! சுகமாயிட்டுண்டு நீங்களா நெனக்காதீங்க, எனக்கு ஃபோன்ல ஒரு கோல் எடுங்க!"

பஸ்ஸுக்குள்ளிருந்து கையை ஆட்டினான்.

நீல மருந்தைக் கண்டதும் கலாராணி தொட்டியின் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"ஊத்தினா கோச்சுக்குவா."

"ஊத்தலன்னா மீனு சாகும்."

"ஒங்களுக்குப் பொறுமையே கெடையாது."

"அது தெரிஞ்சுதானே கட்டுன?"

"யாரு தெரிஞ்சு கட்டுனா? பொண்ணு பாக்க வந்தப்ப ரெண்டு மணித்தியாலம் அசையாம ஒக்காந்திருந்தீங்க. நம்பிட்டேன்."

கடைசியில் மருந்தும் விழுந்தது, வேப்பிலையும் இருந்தது. சாயங்காலங்களில் லயம் முழுவதும் விளக்கு எரியும்போது கரண்ட் சோர்ந்து ஹீட்டர் மங்கியது. அப்போது தொட்டியைக் கம்பளியால் சுற்றினான். மோலி செத்தது. ஏஞ்சல்கள் ஆறும் நீலத் தண்ணீரில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன.

பிறகு ஒரு காலையில் புள்ளிகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. மீன்கள் செட்டையை விரித்துக்கொண்டு முன்னால் வந்தன.

"முத்து எறங்கிருச்சு!" கலாராணி கையெடுத்துக் கும்பிட்டாள். "தலைக்குத் தண்ணி ஊத்திரணும். ஊத்தித்தான் ஆத்தாள அனுப்பி வைக்கணும்."

அவனுக்கு மறுப்பில்லை. அவசரமும் இருந்தது. முந்திய நாள் கொழும்பிலிருந்து சித்தப்பா மகன் சதீஸ்குமார் பேசியிருந்தான். பார்சல் ஏற்றி இறக்கும் இடத்தில் ஆள் வேண்டும், சனிக்கிழமைக்குள் வா என்று. அதைக் கேட்டதிலிருந்து கால் அரித்தது. மீன் நோயில் கிடந்ததால் பேசாமல் இருந்தான். இப்போது மீன் எழும்பிவிட்டது.

இரண்டு பேருமாகச் சேர்ந்து நீலத் தண்ணீரை வாளி வாளியாக எடுத்து வாசலோரச் சாக்கடைக் கானில் ஊற்றினார்கள். கற்களை அப்படியே விட்டுவிட்டுப் பீலித் தண்ணீரை நிரப்பினார்கள். கலாராணி ஒரு செம்பில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்து மேலாக ஒரு கை தெளித்தாள். அம்மை கண்ட பிள்ளைக்குச் செய்வது போலவே. அன்றைக்கு வெங்காயம் தாளித்தாள். வாசனை அடுத்த காம்பராவுக்குப் போனது. சாப்பிடும்போதுதான் அவன் கொழும்பு விஷயத்தைச் சொன்னான்.

அவள் கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீன நான் பாத்துக்குறேன்," என்றாள்.

சனிக்கிழமை பையில் இரண்டு சாரம், சட்டை, முன்ஸிப்பின் ஹீட்டர். பதுளையில் கொழும்பு பஸ் புறப்பட நேரம் இருந்தது. கடைக்குள் போய் ஹீட்டரை மேசையில் வைத்தான்.

"நல்லம். எல்லாப் பொட்டும் போயிட்டா?"

"போயிருச்சு நானா. தண்ணியும் மாத்தியாச்சு."

"பொட்டு எப்ப விழுந்திச்சு?"

"இப்பத்தான், ரெண்டு நாளைக்கு முந்தி."

முன்ஸிப் வலையைக் கீழே வைத்தார். "கோல் எடுக்கச் சொன்னேனே. அந்தப் பொட்டு எங்க போச்சு?"

"எறங்கிருச்சு."

"எங்க எறங்கிச்சு? அது பூச்சி தம்பி. தோலுக்குள்ள இருந்து தின்னும். வயிறு நெறஞ்சா கழண்டு அடியில விழும். கல்லுல ஒட்டிக்கிட்டு ஒண்ணு நூறா வெடிக்கும். வெடிச்சது மீனத் தேடி நீந்தும். மருந்து கொல்லுறது அந்த நீந்துறதத்தான். மீனுல இருக்கக்குள்ளயும் கல்லுல இருக்கக்குள்ளயும் ஒண்ணும் செய்ய ஏலா. பொட்டு விழுந்த பொறகுதான் நம்மட வேலை. நீங்க அப்ப பாத்து மருந்தக் கொட்டியிருக்கீங்க."

"அப்ப இப்ப அடியில?"

"குளிர்ல மெதுவா வெடிக்கும். அதான் இன்னும் காணல்ல. இனிமே புது மீன் கொண்டுபோனாலும் நேரா ஊத்தாதீங்க. வேற பேசன்ல ஒரு மாசமாவது போட்டு வெச்சுப் பாருங்க."

"ஒரு மாசமா?"

"ஏன், மீனுக்கு எங்கயாவது போகோணுமா?"

வீரசிங்கம் ஹீட்டரைப் பார்த்தான். கலாராணிக்குக் கோல் எடுத்தான். அவள் மலையில் இருந்தாள், அங்கே சிக்னல் கிடையாது. வெளியே கொழும்பு பஸ்காரன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வீரசிங்கம் பஸ் ஏறினான். பையை மேலே வைத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தான். எழும்பினான். திரும்ப உட்கார்ந்தான். எங்கே போனாலும் பாதியில் வந்திருக்கிறான், பஸ் நகரும் முன்பே இறங்கியது இதுதான் முதல் தடவை. கடைக்கு ஓடிப்போய் ஹீட்டரையும் இன்னொரு குப்பி மருந்தையும் வாங்கிக்கொண்டு பசறைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தான்.

கலாராணி மலையிலிருந்து வந்தபோது கதவு திறந்திருந்தது. அவன் வாளியோடு நின்றான். தொட்டியின் தண்ணீர் நீலமாக இருந்தது.

"அதுக்குள்ள திரும்பியாச்சா? இந்தத் தடவ பதுளையத் தாண்டவே இல்லியா?"

"முத்து எறங்கல புள்ள. கீழ கெடக்கு. கல்லுல கெடக்கு."

அவள் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். "ஒண்ணுமே தெரியலியே. மீனு நல்லாத்தானே இருக்கு?"

"தெரியாது. அதான்."

முன்ஸிப் சொன்னதை அவன் முன்பின்னாகச் சொன்னான். அவள் சுவரோடு சாய்ந்து கேட்டாள். ஆத்தா வந்தால் போய்விடுவாள். போகாமல் வீட்டுக்குள்ளேயே படுத்திருப்பதைப் பற்றி அவள் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்கு மஞ்சள் தெளித்த கையைச் சேலையில் துடைத்தாள். அவன் திரும்பி வந்ததற்குச் சந்தோஷப்படலாமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

சதீஸ்குமார் அன்று மாலை பேசினான்.

"எங்கடா, பஸ்ஸுல இருக்கியா?"

"வரல. மீனுக்கு வருத்தம், சொகமில்ல."

"யாருக்கு?"

"மீனுக்குடா."

அந்தப் பக்கம் நான்கைந்து பேர் சிரித்தார்கள். "எங்க முதலாளிகிட்ட நீயே சொல்லு. மீனுக்கு மெடிக்கல் சேட்டிபிகட் கொண்டாரச் சொல்லுவாரு." வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

புள்ளி திரும்ப வந்தது. முதலில் ஒரு வாலில் இரண்டு. பிறகு ஆறிலும். இரண்டு ஏஞ்சல்கள் பக்கவாட்டில் சரிந்தன. அவற்றைக் கலாராணிதான் எடுத்து மிளகாய்ச் செடிக்கடியில் புதைத்தாள். வீரசிங்கம் கவ்வாத்துக்குப் போனான். வந்ததும் குழாயை வாயால் உறிஞ்சி, கற்களுக்கு அடியிலிருந்த அழுக்கை வாளிக்கு இழுத்தான். எடுத்த அளவுக்குச் சுடுதண்ணீர் கலந்த பீலித் தண்ணீரை ஊற்றினான். மருந்து விட்டான். உப்பு போட்டான். கம்பளி சுற்றினான். சந்தைப் பக்கம் போகவில்லை.

மறுபடியும் ஒரு காலையில் புள்ளிகள் மறைந்தன. நான்கு மீன்கள், கழுவி வைத்த தட்டைப் போல.

"எறங்கிருச்சா?" கலாராணி கேட்டாள். அவள் குரல் மெல்ல வந்தது.

"இல்ல. இப்பதான் ஆரம்பம்."

முன்ஸிப் ஃபோனில் இன்னும் கொஞ்ச நாள் என்றார். எத்தனை நாள் என்று கேட்டால், கடைசிப் பொட்டுக்குப் பிறகு ஏழு நாள், ஒரு கிழமையாவது என்பார், பிறகு குளிரைப் பொறுத்து என்பார். புள்ளி இருந்தபோது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. இப்போது அது கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் முழுவதும் இருந்தது. அவன் வாசலுக்குப் போனான். தொட்டிக்கு வந்தான். ஹீட்டரின் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தான். வாசலுக்குப் போனான். பீலியடியில் யாரோ, "ட்ரிப்பு!" என்று கூப்பிட்டார்கள். அவன் உள்ளே வந்தான்.

கலாராணி அடுப்பிலிருந்து திரும்பினாள். "கொஞ்சம் ஒக்காருங்களேன். தலை சுத்துது."

"ஒக்கார முடியல புள்ள."

"சரி. நிக்கவாவது செய்யுங்க."

அவன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. மற்றது நின்றது.