சிவப்பு விளிம்பு

ஆற்றங்கரை ஊரான இக்கிட்டோஸில் எங்கள் மீன் கொட்டகைக்கு வரும் புஹுர்கிகளை நிறம் பார்த்துப் பிரிப்பவள் எல்விதா. கண்ணாடித் தொட்டியில் வளர்க்க வாங்கும் விரல் நீளக் குள்ள மீன்கள். ஓடைக்கு ஓடை ஆண் மீனின் நிறம் வேறு. சபோத்தே ஓடை மீனுக்கு வால் முழுக்க நீலம். ஷிரிங்கா ஓடை மீனுக்கு அதே நீல வாலின் ஓரத்தில் மெல்லிய சிவப்பு, அதனால் கிராக்கி அதிகம். ஒன்றை இன்னொன்று என்று தலையில் கட்டப் பார்த்தவர்கள் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

பிடித்துவந்த அன்று மட்டும் அவளாலும் சொல்ல முடியாது. மிரண்ட மீன் வெளுத்துப்போகும். காய்ந்த இலை போட்ட தொட்டியில் விட்டு மூடிவைத்து, மூன்று நாள் யாரும் திறக்கக்கூடாது. அவள் போட்ட சட்டம் அது, முதலாளியே மீறமாட்டார்.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி செகுந்தோ. அம்மா போன பிறகு அவள்தான் வளர்த்தாள். அந்த மார்ச்சில் அவனும் கூட்டாளி தெர்சியோவும் மீன் பிடிக்கப் போனார்கள். தெர்சியோ மட்டும் மீன் நிரப்பிய தகர டப்பாக்களோடு திரும்பினான். சபோத்தேயில் கால் வழுக்கி செகுந்தோ வெள்ளத்தோடு போய்விட்டான் என்று அழுதான். எல்விதா மீன்களைத் தொட்டியில் விட்டு மூடிவிட்டு எங்களோடு படகில் ஏறினாள். இரண்டு நாள் சபோத்தேயைச் சல்லடை போட்டுச் சலித்தோம். தெர்சியோவும் கூடவே கழியால் துழாவினான்.

மூன்றாம் நாள் காலை, படகேறும் முன் அவள் மூடியைத் திறந்தாள். இருபது ஆண் மீன்களுக்கும் நிறம் ஏறியிருந்தது. ஒன்று விடாமல் வாலோரத்தில் சிவப்பு. ஒரு மீனைக் கண்ணாடிக் குவளையில் எடுத்துக்கொண்டு நேராகத் தெர்சியோவிடம் போனாள்.

"இது ஷிரிங்கா மீன். என் தம்பி எங்கடா?"

ஷிரிங்கா அதன் கரையில் வாழும் பழங்குடிகளின் ஓடை. வெளியாள் வலை போட்டால் படகையே பிடுங்கிக்கொள்வார்கள்.

"மரம் சாஞ்சு அவன் மேல விழுந்துடுச்சுக்கா. மூச்சுப் பேச்சே இல்ல. செத்துட்டான்னு நெனச்சேன். ஆள் சத்தம் கேட்டுச்சு, ஓடி வந்துட்டேன்."

நாங்கள் ஷிரிங்கா போய்ச் சேர மதியமாகிவிட்டது. கரையிலிருந்த பழங்குடிகளிடம் சொன்னதும் கோடரியோடு வந்தார்கள். வலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செகுந்தோவின் தொடை விழுந்த மரத்துக்கு அடியில் சிக்கியிருந்தது. கை எட்டிய தூரம்வரை மண்ணைக் கத்தியால் தோண்டியிருந்தான். கத்தி முறிந்த பிறகு நகத்தால் தோண்டியிருக்கிறான். உயிர் போயிருந்தது, ஆனால் உடம்பு இன்னும் விறைக்கவில்லை.

திரும்பும் வழியில் எல்விதா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ரெண்டாம் நாளே நிறம் ஏறியிருக்கும், இல்ல?"

ஏறியிருக்காது என்றேன். ஏறியிருக்கும். அது அவளுக்குத் தெரியாததா?