நந்தன் திரும்பி வந்தபோது

நந்தன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதுதான் அந்தக் கச்சான் காற்றுக் காலம் முழுவதும் எங்கள் வளவில் பேச்சாக இருந்தது. கச்சான் மேற்கே கடலிலிருந்து வரும் காற்று. தொடங்கினால் மாதக்கணக்கில் நிற்காது. சோற்றில் மணல், தலைமுடியில் மணல், கண்ணை மூடினால் இமைக்குள்ளும் மணல். அந்த நாட்களை நினைத்தால் எனக்குத் தனித்தனி நாட்களாக எதுவும் ஞாபகம் வருவதில்லை. ஒரே ஒரு நீண்ட பிற்பகல்தான் வருகிறது. அதில் தென்னோலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. நான் உரத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

நந்தன் எங்கள் ஊர்க்காரன் அல்ல. ஆலங்குடாவில் யாருக்கும் அப்படிப் பெயர் கிடையாது. ஏழு பாகமாக வந்த ஒரு காதல் மர்மக் கதையின் நாயகன் அவன். மலைநாட்டுக்குப் போகும் ரயிலில் ஏறியவன், எந்த ஸ்டேஷனிலும் இறங்கவில்லை. அவன் இருந்த இடத்தில் ஒரு குடை மட்டும் கிடந்தது. அவனை மணமுடிக்க இருந்த யாமினி அந்தக் குடையை வீட்டுக்குக் கொண்டுபோய் மூலையில் சாத்தி வைக்கிறாள். அதோடு முதலாம் பாகம் முடிகிறது.

இந்தக் கதை எங்கள் வீட்டுக்குள் வந்தது உம்மாவின் யோசனையால். சாச்சியின் மனதை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று அவர் நினைத்தார்.

சாச்சி உம்மாவின் தங்கை. எங்கள் வளவிலேயே பின்பக்கத்து வீட்டில் இருந்தாள். அந்த வருஷம் காற்று தொடங்கிய முதல் வாரத்தில் அவள் கணவர் சாச்சாவும் அவருடைய கூட்டாளியும் கடலுக்குப் போனார்கள். படகு எத்தாளைக் கரையில் கவிழ்ந்தபடி வந்து ஒதுங்கியது. கூட்டாளி மையத்தாக, உயிரில்லாத உடலாகக் கிடைத்தார். சாச்சா கிடைக்கவில்லை. நேவி தேடியது, ஊர்ப் படகுகள் எல்லாம் தேடின, பிறகு ஒவ்வொன்றாகத் தேடுவதை நிறுத்தின. பள்ளிவாசலில் அவருக்காகத் தொழுதார்கள். சாச்சாவின் உம்மா மகனுக்காக ஓதத் தொடங்கினார். சாச்சி மட்டும் ஒன்றும் செய்யவில்லை.

செய்யாமல் விட்டதுதான் பிரச்சினை. கணவன் இறந்து மௌத்தானால் மனைவி இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கவேண்டும். படகு வந்த நிலையையும் கூட்டாளியின் மையத்தையும் வைத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை, இத்தாவைத் தொடங்கலாம் என்று மௌலவி உம்மாவிடம் சொல்லி அனுப்பினார். சாச்சாவின் உம்மாவும் வந்து கெஞ்சினார். சாச்சி யாரோடும் வாதாடவில்லை. மறுநாளும் நாவல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கை நிறைய வளையல்களோடு கிணற்றடிக்கு வந்தாள். எங்கள் ஊரில் அதைவிட உரத்து ஒரு பெண் மறுப்புச் சொல்ல முடியாது.

காத்திருப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. உம்மாவின் ஆட்கள் தொண்ணூறில் சண்டையில் விரட்டப்பட்டு மன்னாரை விட்டு வந்தவர்கள். அடுத்த மாதம் திரும்பிப் போய்விடலாம் என்று சொல்லிச் சொல்லியே சண்டை முடியும்வரை இருந்தார்கள். முடிந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சாச்சி இருந்த இருப்பு உம்மாவைப் பயப்படுத்தியது. அதனால்தான் வெங்காய லொறியோடு புத்தளத்துக்குப் போகும் வாப்பாவிடம், அங்கே வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடையில் நல்ல காதல் கதையாக ஒன்று எடுத்துவரச் சொன்னார். நாயகன் காணாமல் போவான் என்பது வாப்பாவுக்குத் தெரியாது. கடைக்காரர், பெண்கள் விரும்பி வாசிப்பது இதுதான் என்று கொடுத்திருக்கிறார். எங்களுக்குத் தெரிந்தபோது குடை ஏற்கனவே இருக்கையில் கிடந்தது.

உம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் புத்தகத்தை மூடினேன். அப்போது சாச்சி, ரெண்டாவது பாகம் எப்போது வரும் என்று கேட்டாள். படகு கரை ஒதுங்கிய பிறகு, இனி வரப்போகிற ஒன்றைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. அதன்பிறகு உம்மாவால் எதையும் நிறுத்த முடியவில்லை.

வாசிப்பது என் வேலை. எனக்கு அப்போது பத்து வயது. மற்றவர்களுக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை, பக்கத்து வீட்டு மாமியைத் தவிர. எல்லோரும் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து, காய்ந்த வெங்காயத்தின் தாளை அளவாக வெட்டிப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கையோடு வாடகைப் புத்தகத்தைத் தொட்டால் கடைக்காரர் அடுத்த பாகம் தரமாட்டார். அங்கே எல்லோருடைய கண்களிலும் எந்நேரமும் தண்ணீர் இருக்கும். யார் வெங்காயத்துக்காக அழுகிறார், யார் யாமினிக்காக அழுகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அது சாச்சிக்கு வசதியாக இருந்திருக்கலாம்.

அணைப்பது, முத்தமிடுவது போன்ற இடங்கள் வந்தால் நான் தாண்டிவிடுவேன். ஓர் எழுத்தும் தெரியாத மாமிக்கு அது உடனே தெரிந்துவிடும்.

"புள்ள, நடுவுல ரெண்டு வரி குறையுது. கடைக்காரனுக்கு முழுக் காசுதானே குடுத்த" என்பார்.

நான் அந்த வயதிலேயே எதையும் வரிசைப்படுத்தாமல் விடாத பிள்ளை. ஒவ்வொரு நாளும் வாசிக்கத் தொடங்கும் முன், அதுவரை கிடைத்த தடயங்களை விரல்விட்டுச் சொல்வேன். ரயிலில் குடை. குரல் வராத தொலைபேசி அழைப்பு. பூட்டிய பங்களாவில் எரிந்த விளக்கு. யாமினியின் பிறந்தநாளில் வாசலில் இருந்த வெள்ளைப் பூக்கள். சாச்சி தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் ஒன்றை விட்டுவிட்டால் எடுத்துத் தருவாள். நந்தன் எவளையோ கட்டிக்கொண்டு எங்கேயோ நன்றாக இருக்கிறான் என்பது மாமியின் தீர்மானம். உம்மா அபிப்பிராயம் சொல்லாமல் தப்பித்துக்கொள்வார். சாச்சி அபிப்பிராயம் சொல்வதில்லை, கேள்வி கேட்பாள். குடை நனைந்திருந்ததா, காய்ந்திருந்ததா? பூவைக் கட்டியிருந்தது நூலாலா, வாழைநாராலா? நான் பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டித் தேடுவேன். பல இடங்களில் எழுதியவருக்கே அது தோன்றியிருக்கவில்லை.

வேலை முடிந்ததும் சாச்சியும் நானும் கடல்நீர் தேங்கிய களப்புப் பக்கம் நடப்போம். அங்கே வெள்ளைக்காரர்கள் காற்றில் பெரிய பட்டங்களை விட்டு, அவற்றில் தொங்கியபடி தண்ணீர்மேல் ஓடுவார்கள். சண்டை முடிந்த பிறகு எங்கள் ஊருக்கு வந்த புதினம் அது. நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து தாழை மறைக்கும், ஆட்கள் தெரியமாட்டார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டங்கள் மட்டும் ஆகாயத்தில் ஏறும், சரியும், மறுபடி ஏறும். சத்தமே இராது. நித்திரையில் பார்ப்பதுபோல் இருக்கும். சாச்சி ஒரு பட்டத்தைத் தேர்ந்துகொண்டு அது இறங்கும்வரை பார்ப்பாள். இறங்கினால் இன்னொன்று. எனக்குக் கால் கடுக்கும். ஆனால் அவள் கை என் தோளில் இருக்கும், அதனால் நானும் நிற்பேன்.

ஏழாம் பாகத்தை வேறு யாரோ எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கவில்லை. வாப்பா இரண்டு முறை வெறுங்கையோடு வந்தார். அந்த நாட்களில் சாச்சிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உம்மா தனியே வாப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: அந்தப் பெடியன் உயிரோடு வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். ஒரு கதைக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று உம்மாவைப் பற்றி எனக்குச் சிரிப்பாக இருந்தது.

புத்தகம் வந்த அன்று யாரும் வெங்காயத்தைத் தொடவில்லை. கத்தியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் ஒரே மூச்சில் வாசித்தேன். கடைசி அத்தியாயத்தில் மழை பெய்கிறது. அன்று ஏறிய அதே ஸ்டேஷனில், அதே நேரத்தில், நந்தன் ரயிலிலிருந்து இறங்குகிறான். அவனுக்கு ஒரு பகையாளி. அந்தப் பகையாளியால் யாமினிக்கு ஆபத்து வரக்கூடாது என்று, இத்தனை வருஷமும் வேறு பெயரில் அடுத்த ஊரிலேயே வேலை பார்த்திருக்கிறான். குரல் வராத அழைப்பு அவனுடையது. விளக்கு அவன் ஏற்றியது. பூ அவன் வைத்தது. இரவானால் தெருவுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் நின்று அவளுடைய ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவள் அழுத ஒவ்வொரு இரவும் அவனுக்குத் தெரியும். யாமினி அவன் மார்பில் சாய்கிறாள். அந்த இடத்தை நான் தாண்டாமல் வாசித்தேன்.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். தான் சந்தேகப்பட்டதற்காக நந்தனிடம் மன்னிப்புக் கேட்பவர்போல் இருந்தார். நான் தடயங்களை விரல்விட்டுப் பார்த்தேன். விட்டுப்போன தடயம் ஒன்றும் இல்லை, எல்லாம் அதனதன் இடத்தில் வந்து பொருந்தியிருந்தன. உம்மா மட்டும் சாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாச்சி கடைசிப் பக்கங்களைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"அடுத்த ஊருலயா இருந்தவன்?"

"ஓம் சாச்சி."

"அவ அழுறத பாத்துக்கிட்டா நிண்டவன்?"

"அவட நன்மைக்குத்தானே."

வெளியே காற்று ஓலையைப் பிடித்து உலுக்கியது. சாச்சி யாருக்கும் சொல்லாததுபோல, அடுக்கியிருந்த வெங்காயப் பிடிகளைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்கட சாச்சா அப்பிடி நிக்கிற ஆளில்ல. கரைக்கு வந்தா எஞ்சின நிப்பாட்ட முந்தி எனக்குப் போன்ல கோல் எடுக்கிற மனிசன். எழும்ப ஏலாமக் கிடந்தாலும் ஆரையாவது புடிச்சுச் சொல்லி அனுப்பியிருப்பார். என்னய இவ்வளவு நாள் அழ விடமாட்டார்."

சாச்சி எழுந்து கிணற்றடிக்குப் போனாள். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துவைகல்லின் மேல் வைத்தாள். அவசரமில்லாமல், உடையாமல். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். திரும்பி வந்து உம்மாவிடம் கேட்டாள்.

"லாத்தா, வெள்ளச் சீலை உங்கள்ட்ட இருக்கா? இல்லாட்டி வாங்கணுமா?"

உம்மா இருக்கிறது என்று தலையை ஆட்டினார். பின்னேரம் சாச்சாவின் உம்மா வந்தார். இருவரும் அறைக்குள் போனார்கள். அன்றுதான் சாச்சி சத்தம் போட்டு அழுதது எனக்குக் கேட்டது. ஒரு கதையின் முடிவு பிடிக்காமல் ஒருவர் இவ்வளவு அழலாமா என்று நான் வாசலில் நின்று யோசித்தேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, கதை எப்படி என்று வாப்பா கேட்டார். முடிவு நல்லம், சாச்சிக்குத்தான் பிடிக்கவில்லை என்றேன். அவர் புத்தகத்தைக் கடதாசியில் சுற்றினார்.

இப்போது கட்டட வரைபடங்களில் பிழை தேடித் திருத்துவது என் தொழில். அந்தப் புத்தி எனக்கு அப்போதே இருந்திருக்க வேண்டும். அந்தக் கதையில் பிழை எங்கே என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நந்தனால் வர முடிந்தது, ஆனால் வரவில்லை. அதுதான் சாச்சிக்குக் கோபம். அப்படியென்றால் அவனால் வரவே முடியாத ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் கதை சரியாகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாச்சியின் அறைக்குப் போவேன். திரைச்சீலை போட்ட ஜன்னல் பக்கமாக, வெள்ளைச் சேலையில், அவள் இருப்பாள். காற்றில் திரை உப்பும்போது அறை முழுவதும் வெளிச்சமாகும், விழும்போது மங்கும். நான் பாயில் இருந்துகொண்டு அன்றைய காரணத்தைச் சொல்வேன்.

முதலில், அவனுக்குத் தலையில் அடிபட்டுப் பெயர் மறந்துவிட்டது என்றேன்.

"பேர் மறந்தா ஆஸ்பத்திரியில வெச்சிருப்பாங்க. ஆள் தெரியாத நோயாளிகள்ட வார்டுல. சிலாபத்துலயும் பாத்தாச்சு, மன்னாருலயும் பாத்தாச்சு."

இன்னொரு நாள், ஆளில்லாத் தீவில் அகப்பட்டுவிட்டான் என்றேன். நம் பக்கத்துத் தீவுகளில் எல்லாம் மீன்காரர்கள் குடிசை கட்டி வாடி போட்டிருக்கிறார்கள், ஆளில்லாத் தீவு என்று ஒன்று இல்லை என்றாள். இந்தியப் படகுக்காரர்கள் காப்பாற்றிக் கொண்டுபோய், அங்கே ஜெயிலில் போட்டுவிட்டார்கள் என்றேன். அப்படிப் பிடித்தால் பெயர்ப் பட்டியல் நம் மீனவர் சங்கத்துக்கு வரும், இந்த மாதமும் வந்தது என்றாள். தூரத்துக் கப்பல் ஒன்று ஏற்றிக்கொண்டு போயிருக்கலாமே என்றேன். கப்பலென்றால் முதலில் ரேடியோவில் சொல்வார்கள் என்றாள். மலைநாட்டு ரயிலில் போனவன் எப்படித் தீவுக்கும் கப்பலுக்கும் வந்தான் என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

அவள் ஒருமுறைகூட என்னிடம் போதும் என்று சொல்லவில்லை. என் தலையைத் தன் மடிக்கு இழுத்துப் பேன் பார்த்துக்கொண்டே, கடைசிவரை கேட்டுத்தான் பதில் சொல்வாள். குரலில் கோபமும் இராது, அவசரமும் இராது.

ஒரு நாள் குசினியில் உம்மாவிடம் சொன்னேன், சாச்சியைப்போல ஒரு கெட்டிக்காரியை நான் கண்டதில்லை என்று. நான் படுக்கையில் கிடந்து, வகுப்பில் இருந்து, கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்துக் கொண்டுபோகிற எந்தக் காரணத்துக்கும், அவள் கொஞ்சமும் யோசிக்காமல், கைவசம் வைத்திருந்ததுபோலப் பதிலை எடுத்துத் தந்துவிடுகிறாள். நான் அப்போதுதான் நினைத்த ஒன்றுக்கு அவளிடம் எப்படி முன்கூட்டியே பதில் இருக்கும் என்று கேட்டேன். உம்மா அகப்பையைச் சட்டிக்குள் விட்டபடியே, கிண்டாமல் நின்றார்.